ஆந்தைக்கு வந்த மேடம்

எண்பதுகளில், கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த அரிசிக் கிடங்கின் பரணில் ஓர் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. கூட்டைக் கலைக்க ஏணியில் பாதி ஏறியிருந்தேன். அப்போதுதான், பறவைகளைக் காக்கும் தொண்டுக்காக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரம்மா கேமராவோடு நுழைந்தார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்த நெட்டை உருவம்.

"ஆந்தை ஆகாது," என்றார் முதலாளி.

"எலி ஆகுமா, சேட்டா?" என்று அரைகுறை மலையாளத்தில் கேட்டார் அவர்.

முதலாளி சிரித்துவிட்டு என்னை இறங்கச் சொன்னார்.

ஒரு வாரம் மேடம் அரிசி மூட்டைமேல் படுத்துக் கிடந்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஆந்தையிடம் "ப்ளீஸ்" என்பார்.

கிளம்பும் நாளில், "என்னையும் ஒரு படம் எடுங்க, மேடம்," என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "மனுஷங்கதான் நிறைய இருக்காங்களே!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது கேலியா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.