மோரிப் பாலமும் ஊதா ரிப்பனும்

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அப்பாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றுகொண்டு பள்ளிக்குப் போகும்போது, மோரிப் பாலம் வந்ததும் குப்பைக் கவரைக் கீழே வீச வேண்டும். மோரி என்று நாங்கள் சொன்னது, மழைத்தண்ணீருக்காக வெட்டிய பெரிய கால்வாயை. மழை இல்லாத நாட்களிலும் அதில் கறுப்பாக ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. குப்பை ஆட்டோ விசில் ஊதுகிற நேரத்தில் அம்மா வேலைக்குக் கிளம்பியிருப்பாள், அப்பா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். வீட்டில் குப்பை தங்கினால் அம்மாவுக்கு ஆகாது. ஒரு நாளைக்கு இரண்டு தரம் தரை துடைக்கிறவள். பழைய சோறு, மீன் கழிவு, பால் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்து, நாய் கிழிக்காமல் இருக்க பள்ளிக்குக் கட்டிப் பழசான என் ரிப்பனில் ஒரு துண்டு வெட்டி வாயை இறுக்கிக் கட்டிவைத்துவிட்டுப் போவாள். அது ஸ்கூட்டரின் கொக்கியில், என் காலருகே தொங்கிக்கொண்டு வரும். பாலத்தில் அப்பா வண்டியை நிறுத்த மாட்டார். “ம்” என்பார். நான் வீசுவேன். ஒருநாளும் கைப்பிடிச் சுவரில் பட்டதில்லை. “செம கைடீ உனக்கு” என்பார். பள்ளியில் என்னை எதற்கும் யாரும் மெச்சியதில்லை என்பதால், அந்த உத்தியோகம் எனக்கு உயிர்.

ஒருநாள் காலையில் பாலத்தின் மேல் கூட்டம். வழியில்லாமல் அப்பா பிரேக் போட்டார். எட்டிப் பார்த்தேன். கீழே குப்பை சேர்ந்து திட்டாகிப்போன இடத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. கிழிந்த கவர் ஒன்று அதன் காலில் மாட்டியிருந்தது. அலகைச் சுற்றி ஊதா ரிப்பன். வாயைத் திறக்க முடியாமல் தலையை உதறியது. உதற உதற அது இறுகியது.

அந்த வட்டாரத்தில் ஊதா ரிப்பன் எங்கள் பள்ளிக்கு மட்டும்தான். என் இரண்டு சடையிலும் அதுதான் இருந்தது. அதைவிட மோசம், காலருகே தொங்கிய அன்றைய கவரிலும் அதே ரிப்பன். புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கவரை மறைத்துக்கொண்டேன்.

தெரு கூட்டும் அம்மா ஒருவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நீளக் கம்பால் கொக்கின் காலை விடுவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். “வண்டில வந்து கசத்த, வூட்டுக் குப்பைய, வீசிட்டு ஜோரா பூடறாங்க. கேட்டா நம்மளயே மொறைக்கறாங்க” என்றார்.

“ஜனங்களுக்கு அறிவே இல்லீங்க” என்றார் அப்பா. “இந்த மாதிரி ஆளுங்கள எல்லாம் புடிச்சு உள்ள போடணும்.”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் நிஜமான கோபம் இருந்தது. உள்ளே போடுவது என்றால் ஜெயில் என்று எனக்குத் தெரியும். வீசிய கை என்னுடையது. அப்பா என்னைப் பிடித்துக் கொடுத்துவிடப் போகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அப்போது பார்த்து கூட்டத்தில் நின்ற இளநீர்க்காரர் ஒருவர் என் பக்கம் திரும்பினார். “இந்தப் பாப்பா தலைல இருக்கற ரிப்பன் மாதிரியே இருக்குதே!”

எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவின் கை என் தோளை வலிக்கிற மாதிரிப் பிடித்தது. “ஸ்கூல் புள்ளைங்க எல்லாத்துக்கும் இதே ரிப்பன்தாங்க” என்று அவர் சிரித்தார்.

தெரு கூட்டும் அம்மா சிரிக்கவில்லை. என் பைக்குக் கீழே மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கம்பை இன்னொரு முறை நெம்பினார். காலிலிருந்து கவர் கழன்றது. கொக்கு தடுமாறி எழும்பி, கூரைகளுக்கு மேலே பறந்தது. சிலர் கைதட்டினார்கள். அலகில் என் ரிப்பன் அப்படியே இருந்தது.

“அய்யோ, அதோட எப்டி துன்னும்?” என்றார் அந்த அம்மா.

அப்பா வண்டியைத் திருப்பிச் சந்து சந்தாக ஓட்டினார். எனக்குத் தெரியாத ஒரு பாலம் வந்தது. அங்கே ஆள் நடமாட்டமே இல்லை. “ம்” என்றார். என் கை எழவில்லை. அவரே வண்டியை நிறுத்தி, பையை நகர்த்தி, கவரை எடுத்து வீசினார். என்னைத் திட்டவில்லை.

அதற்கப்புறம் பல மாதங்கள், எங்கே கொக்கைக் கண்டாலும் முதலில் அதன் அலகைத்தான் பார்ப்பேன். ஊதா நிறம் தெரிந்துவிடுமோ என்று பயம். தினமும் நாங்கள் போன அந்தப் புதுப் பாலத்தில் மட்டும் பயம் கொஞ்சம் விட்டது. அதற்குக் கீழே ஒரு கொக்குகூட இல்லை. பறவை இல்லாத இடமாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார், அப்பா எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஓடிய தண்ணீர்தான் இரண்டு வளைவு திரும்பிப் பழைய பாலத்துக்குக் கீழே போகிறது என்று எனக்குத் தெரியாது. அப்பா அந்த மோரி ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.