தாளுக்குச் சுருங்கிய கோட்டு

எங்கள் கம்பெனியில் அண்ணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அரை இன்ச்' என்பார்கள். முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை அதே பெயர்தான். ஆண்களுக்கான கோட்டு தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி அது. அண்ணி அங்கே பேட்டர்ன் மாஸ்டர். துணியை எப்படி வெட்ட வேண்டும் என்பதை முதலில் வரைந்து கொடுக்கிறவர். அவர் வரைந்ததைத் தைத்துப் பார்க்கிற சாம்பிள் டெய்லர், அவருடைய நாத்தனார் நான். அளவில் அரை இன்ச் குறைந்தது தெரிந்தால் மொத்த வெட்டையும் நிறுத்திவிட்டுத்தான் அண்ணி மூச்சு விடுவார். ஒரு தடவை மேனேஜர் சமாதானத்துக்கு வந்தார்.

"அரை இன்ச்தானேம்மா. அயர்ன் பண்றப்போ இழுத்து விட்டுக்கலாம்."

"சரிங்க சார். உங்களுக்கு அரை இன்ச் சின்னதா ஒரு ஷூ வாங்கித் தரேன். நடக்கறப்போ இழுத்து விட்டுக்குங்க."

அன்றைக்கு வைத்த பெயர் அது. அண்ணி அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

அண்ணிக்கு நான் மரியாதையோடு 'வந்தார், போனார்' என்று எழுதுகிறேன். என் அண்ணனுக்கு அப்படி எழுதப் போவதில்லை. அதது அவரவர் சம்பாதித்தது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய டிப்ளமோ படிப்பு பாதியில் நின்றது. கல்யாணத்துக்கு அப்புறம் முடித்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் வாய் கூசாமல் சொன்னோம். பிறகு என் அம்மா படுத்த படுக்கையானார். மகன் பிறந்தான். அண்ணனுக்கு வேலை போய், வேறு வேலை கிடைக்கிற வரை அண்ணி சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஒவ்வொரு தடவையும் "இந்த ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்ற பாட்டுதான். துணியில் அரை இன்ச் விட்டுக்கொடுக்காத மனுஷி வீட்டில் பதினெட்டு வருஷத்தை விட்டுக்கொடுத்தார். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்ததும் அவர்தான், பெற்ற மகள் நான் இல்லை. அந்தக் குறுகுறுப்பை நான் கோபமாக்கி அண்ணன் மேல்தான் காட்டுவேன். அவனும் வாங்கிக்கொள்வான்.

இப்போது அம்மா இல்லை, மகன் ஹாஸ்டலில் படிக்கிறான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக நிலையான வேலையில் இருக்கிறான். இந்த நேரத்தில்தான் அண்ணி வெளிநாட்டு ஆடைக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பிக்கத் துணிந்தார். தேர்வாகிவிட்டால் செலவு முழுக்கக் கல்லூரியுடையது. அதற்கு ஒரு பரீட்சை வைத்திருந்தார்கள். ஒரு ஆண் கோட்டுக்குப் பேட்டர்ன் வரைந்து, சாதாரண பிரிண்டரில் எடுக்கிற மாதிரி தாள் தாளாகப் பிரித்து அனுப்ப வேண்டும். அவர்களுடைய தையல் அறையில் அதைப் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, வெட்டித் தைப்பார்கள். தைத்த கோட்டு நாம் எழுதிய அளவுக்குச் சரியாக வந்தால்தான் சீட்டு. அண்ணி தன் புருஷன் உடம்பையே அளவெடுத்து வரைந்தார். கை நீளம் இருபத்துநாலு இன்ச், நெஞ்சு நாற்பத்திரண்டு. கடைசித் தேதி திங்கட்கிழமை. அண்ணி பேட்டர்னை முந்தின வாரமே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார்.

நிம்மதியில்லாமல் இருந்தது அண்ணன். படிப்பு இரண்டு வருஷம். அதே கல்லூரியில் ஆறு மாதச் சுருக்கப் படிப்பும் இருப்பதை எங்கேயோ தோண்டிக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானே. ஆறு மாசத்துல சுருக்கமா சொல்லித் தரப்போறாங்க. அதுக்குப் போடேன்," என்றான்.

விண்ணப்பத் தாள் இன்னும் போகவில்லை, திங்கட்கிழமைக்குள் ஸ்கேன் எடுத்து அனுப்ப வேண்டும். அதில் எந்தப் படிப்பு என்று கேட்ட இரண்டு கட்டங்களையும் அண்ணி காலியாகவே விட்டிருந்தார். இவர் இந்தத் தடவையும் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தாளில் போட்டோ ஒட்ட உட்கார்ந்தோம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த தாள். போட்டோவுக்கு இரண்டுக்கு இரண்டு இன்ச் என்று எழுதி ஒரு கட்டம் போட்டிருந்தது. அண்ணி போட்டோவை அதில் வைத்தார். சுற்றிலும் கோடு மறைந்து, போட்டோ வெளியே நின்றது. ரொம்ப இல்லை, அரை நூல் இருக்கும். ஒரு இன்ச்சில் எட்டில் ஒரு பங்கை எங்கள் தொழிலில் நூல் என்போம். அதில் பாதி.

"ஒட்டிடுங்க அண்ணி. அரை நூலை யாரு பார்க்கப்போறா?" என்றேன்.

"நான் பார்க்கறேன்ல," என்றார்.

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஸ்டுடியோக்காரர் அண்ணியைப் பார்த்ததுமே எழுந்து நின்றார். அண்ணியின் கல்யாண ஆல்பத்தில் ஓரம் கோணலாக வெட்டியதற்கு இன்றைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற மனிதர் அவர்.

"ரெண்டு இன்ச் கேட்டா அதிகமா வெட்டித் தந்திருக்கீங்க."

"சத்தியமா ரெண்டுதான்மா. நீங்களே அளந்து பாருங்க."

அண்ணி கைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தார். போட்டோ மிகச் சரியாக இரண்டு இன்ச் இருந்தது. ஸ்டுடியோக்காரர் முகத்திலிருந்து பதினெட்டு வருஷ பாரம் இறங்கியது. அண்ணி அடுத்ததாகத் தாளில் இருந்த கட்டத்தை அளந்தார். அதுதான் குறைந்திருந்தது. இரண்டு என்று அச்சடித்திருக்கிற கட்டம் இரண்டு இல்லை.

ஸ்டுடியோக்காரர் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது அந்த ஊர்த் தாளுக்குப் போட்ட ஃபாரம்மா. அவங்க புழங்கற தாளுக்கு லெட்டர் சைஸ்னு பேரு. நம்ம ஏ-ஃபோர் தாளைவிட அகலம் கால் இன்ச் கூட. உயரம் முக்கால் இன்ச்கிட்ட குறைச்சல். நம்ம தாள்ல பிரிண்ட் எடுக்கறப்போ, அகலம் பத்தாம மெஷினே கொஞ்சம் சுருக்கி அடிச்சிருக்கும்."

"கேட்காமலேயா?"

"கேட்காமலேதான். தாளுக்கு ஏத்த மாதிரி சுருக்குன்னு ஒரு இடத்துல டிக் இருக்கும். அது பாட்டுக்கு இருக்கும், யாரும் பார்க்க மாட்டாங்க."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு விஷயம் பிடிபடவில்லை.

"அவங்க தாள் இங்க வந்து சுருங்குச்சுன்னா," என்று மெதுவாகச் சொன்னார், "நம்ம தாள் அங்க போய் என்ன ஆகும்?"

அண்ணி பேட்டர்ன் முழுவதையும் ஏ-ஃபோர் தாளுக்குத்தான் பிரித்து அனுப்பியிருந்தார். உயரம் குறைந்த தாளில் அதை அடக்க அவர்கள் மெஷின் எல்லாவற்றையும் சுருக்கும். நூற்றுக்கு ஆறு குறையும் என்று அண்ணி அங்கேயே மனக்கணக்காகச் சொன்னார். கையில் ஒன்றரை இன்ச் போய்விடும், நெஞ்சில் இரண்டரை. அரை இன்ச்சுக்காகக் கம்பெனியையே நிறுத்தியவர் வரைந்த கோட்டு, சின்னப் பையன் கோட்டு மாதிரி அங்கே தையல் பொம்மை மேல் ஏறும்.

"சுருக்காம எடுக்கச் சொல்லி எழுதிடலாமே அண்ணி?"

"சுருக்காம எடுத்தா தாளோட மேலயும் கீழயும் கோடு வெட்டுப்பட்டுப் போகும். அப்புறம் எதை எதோட ஒட்டுவாங்க?" அதற்குள் அண்ணியின் முகம் தெளிந்துவிட்டது. அளவு தெரியாத வரைக்கும்தான் அவருக்குப் பயம். தெரிந்துவிட்டால் அது வேலை. "தேதி இன்னும் முடியல. பழசை எடுத்துட்டுப் புதுசை வெச்சுக்கலாம். வா, முதல்ல எவ்வளவு கெட்டுப்போகுதுன்னு கண்ணால பார்த்துடுவோம்."

எங்கள் ஊர்க் கடைகளில் லெட்டர் தாள் கிடையாது. ஆனால் வக்கீல்கள் வாங்குகிற லீகல் தாள் உண்டு. அதற்கும் அதே எட்டரை இன்ச் அகலம்தான், நீளம் மட்டும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி ஒரு கட்டு வாங்கி, துணி வெட்டுகிற பிளேடால் லெட்டர் தாளின் உயரமான பதினொரு இன்ச்சுக்கு வெட்டினார். ஜெராக்ஸ் கடைக்காரர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வெட்டுன தாளெல்லாம் போட்டா மெஷின்ல சிக்கிக்கும் அக்கா. ஓரத்துல பிசிறு இருந்தா அவ்வளவுதான்."

"என் வெட்டுல பிசிறு கண்டுபிடிச்சா மெஷினை ரிப்பேர் பண்ணித் தரேன்," என்றார் அண்ணி. கடைக்காரர் தாள் கட்டைப் பக்கவாட்டில் தடவிப் பார்த்துவிட்டு மெஷினில் வைத்தார். அந்த டிக்கை எடுக்காமலே கோட்டின் பேட்டர்ன் முழுவதையும் அடித்தோம். கூடவே விண்ணப்பத்தையும் அதே தாளில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டோம்.

அண்ணன் வீட்டுக்கு வந்து தாள்களை ஒட்டி, வெள்ளோட்டத்துக்கு எடுக்கிற மலிவான காடா துணியில் வெட்டினேன். ஓட்டுத் தையலாகப் போட்டு, முன்பக்கத்தை மட்டும் பின் குத்தி மூடலாம் என்று வைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனை நிற்க வைத்தோம்.

"எதுக்கு எனக்கு?" என்றான்.

"உன் அளவுதானே. கையை விடு," என்றேன்.

கையை விட்டான். தோள் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் மூச்சைப் பிடித்து இழுத்து ஒரு வழியாகப் போட்டுவிட்டான். மணிக்கட்டு இரண்டும் வெளியே நின்றன. முன்பக்கம் பின் குத்தியதும், பள்ளிக்கூட யூனிஃபார்மை விடாமல் போட்டு வளர்ந்த பையன் மாதிரி விறைத்து நின்றான். நான் சிரித்துச் சிரித்து ஊசியைக் கீழே போட்டேன்.

"ஆறு பர்சென்ட்னுதானே சொன்னீங்க? இதுல கையைக்கூடத் தூக்க முடியல."

"அட்ஜஸ்ட் பண்ணி நில்லுங்க, ஓரம் குறிச்சுக்கறேன்," என்றார் அண்ணி சாவதானமாக.

"எங்க அட்ஜஸ்ட் பண்றது? மூச்சு விட இடம் இல்ல."

"உங்க லிஃப்ட் தரைக்கு ஒரு இன்ச் கீழ நின்னுச்சுன்னா, அட்ஜஸ்ட் பண்ணி இறங்குங்கன்னு சொல்லுவீங்களா?"

"அது எப்படிச் சொல்றது? தடுக்கி விழுந்துடுவாங்கல்ல."

அண்ணி அளவைக் குறித்துக்கொண்டு உள்ளே கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார். கோட்டைக் கழற்றப் பார்த்தான் அண்ணன். வரவில்லை. இரண்டு கையும் பின்பக்கம் மாட்டிக்கொண்டு, கதவருகில் ஒரு கால் மணி நேரம் அப்படியே நின்றான். நான் பொறுமையாகப் பக்கத் தையலைப் பிரித்தேன். அவன் வழக்கமாக என்னைத் திட்டுவான். அன்றைக்குத் திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி பேட்டர்னை மறுபடி பிரித்தார். நம் தாளின் அகலத்துக்குள்ளும் அவர்கள் தாளின் உயரத்துக்குள்ளும் ஒவ்வொரு பக்கமும் அடங்குகிற மாதிரி வைத்தார். எந்த ஊர்த் தாளில் எடுத்தாலும் சுருக்க வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் இரண்டு இன்ச் கட்டம் ஒன்று வரைந்து, இதை அளந்து பாருங்கள், இரண்டு இல்லாவிட்டால் துணியைத் தொடாதீர்கள் என்று எழுதினார். அதையும் பிரிண்ட் எடுத்து வந்து நான் தைத்தேன். அண்ணன் போட்டான். அந்தக் கோட்டில் அவன் நிஜமாகவே ஆள் நன்றாக இருந்தான். கையைத் தலைக்கு மேலே தூக்கி, கீழே இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தான்.

சாயங்காலம் புதுப் பிரதியில் போட்டோ ஒட்டியாயிற்று. கோட்டுக்குக் கோடு, மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. தாளை மேஜை மேல் தன் பக்கமாக வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணி பேனாவை மூடினார். நான் நின்ற இடத்திலிருந்து கட்டங்கள் தெரியவில்லை. அந்த இரண்டு கட்டங்களையும் இந்தத் தடவையும் காலியாக விடப் போகிறாரா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"ரெண்டு வருஷம்னே போட்டுடு," என்றான். "சுருக்கினா கை தூக்க முடியாது."

இந்த ஆளிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. அண்ணி கலங்கவில்லை. தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு வருஷக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். மை காய்ந்திருந்தது.

"எப்போ போட்ட?"

"நீங்க கோட்டுல மாட்டிக்கிட்டு நின்னீங்களே, அப்போ."

அண்ணி கிளம்பி மூன்று மாதம் ஆகிறது. அந்தச் சின்னக் காடா கோட்டைப் பக்கத் தையல் பிரித்தபடியே அண்ணன் அலமாரியில் தொங்க விட்டிருக்கிறான். போன வாரம் என்னோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த என் மாமியார், மருமகள் நான் வேலைக்குப் போவதைப் பற்றி ஏதோ அட்ஜஸ்ட்மென்ட் என்று ஆரம்பித்தார். அண்ணன் எழுந்து போய் அதை எடுத்து வந்து, "இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கம்மா," என்றான்.