கள்ளு லோரியும் சம்பளப் படமும்

சினிமாத் தொழில் என்றால் எல்லோரும் நடிகர், நடிகை, பாட்டு, சண்டை என்றுதான் பேசுகிறார்கள். பேசட்டும். எங்களுக்கு அது ஒரு பழைய லோரி, கரகரக்கும் ஜெனரேட்டர், ஒட்டுப்போட்ட வெள்ளைத் திரை, கோலாலம்பூர் பட கம்பெனியிலிருந்து வசூலில் பங்கு என்று பேசி எடுத்துவரும் படப்பெட்டி. என் வீட்டுக்காரர் மெஷின் ஓட்டுவார். நான் வாசலில் மேசை போட்டு டிக்கெட் கிழிப்பேன். எந்தப் படம் ஓடும், எது ஓடாது என்று யாராவது என்னிடம் கேட்டால் சிரிப்புத்தான் வரும். சம்பளத்தன்று போட்டால் எந்தப் படமும் ஓடும். சம்பளக் காசு கரைந்த பிறகு போட்டால் சாமியே திரையில் இறங்கி ஆடினாலும் டிக்கெட் எடுக்க ஆள் வராது.

நாங்கள் கோலா சிலாங்கூரில் குடியிருந்தோம். அங்கிருந்து சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் போவோம், சில மாதம் கெர்லிங், செரண்டா வரைக்கும்கூட லோரி போகும். தோட்டத்துக்குத் தோட்டம் சம்பள நாள் வேறு. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று அந்த நாட்களைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் வண்டி ஓடியது. தோட்டத்து மக்களும் அதைச் சம்பளப் படம் என்றே சொல்வார்கள். படத்தின் பெயரைக் கேட்பவர்கள் குறைவு.

பிறகு, காட்டுக்குள் புகுந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் காவல், பொழுது சாய்ந்தால் வெளியே நடமாடக் கூடாது. படம் போட்டால் நாங்களும் வேலிக்குள்ளேயே படுத்திருந்து, காலையில் கேட் திறந்த பிறகுதான் வீடு திரும்புவோம். அதைக்கூடச் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாத ஒன்று வந்தது. சம்பளப் பணம் கொண்டுவரும் கார்களைக் காட்டுக்குள் இருந்தவர்கள் மறித்துச் சுட ஆரம்பித்ததால், தோட்டங்களை நடத்தும் துரைமார் சம்பள நாளை மாற்றி மாற்றி வைத்தார்கள். முன்கூட்டி யாரிடமும் மூச்சு விடுவதில்லை. கணக்கெழுதும் கிராணிக்கே அன்றைக்குக் காலையில்தான் தெரியும் என்பார்கள். உயிர் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு, அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பிழைப்பு நாறிப்போனது. நாள் தெரியாமல் படத்தை எடுத்துப் போய் ஆளில்லாத திடலில் ஓட்டிவிட்டு வருவோம், கம்பெனிக்காரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

சம்பள நாளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழிகாட்டியது யார் தெரியுமா? எங்கள் ஜென்ம எதிரி, கள்ளு.

ஆமாம், தியேட்டர்க்காரனுக்கு இன்னொரு தியேட்டர்க்காரன் எதிரியாக இருக்கலாம். தோட்டத்தில் படம் காட்டுகிறவனுக்குக் கள்ளுக்கடைதான் எதிரி. அங்கே போன காசு என் மேசைக்கு வராது. இந்தக் கொடுமையில், தென்னந்தோட்டங்களில் இறக்கும் கள்ளை ரப்பர் மரம் நிற்கும் கித்தாத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போகும் லோரிக்காரர் எங்களுக்குப் பக்கத்து வீடு. அவரோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை. என் கூட்டத்தைக் கெடுக்கிற பாவி என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று திட்டுவேன். அவர் பீப்பாயைக் கழுவிக்கொண்டே, உங்கள் படத்தில் மூன்று மணி நேரம் அழுதால்தான் மனசு லேசாகிறது, என் சரக்குக்கு அரை மணி நேரம் போதும் என்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

ஆனால் அவருடைய முற்றத்தை நான் கவனிக்காத நாள் கிடையாது. சம்பள நாளில் கள்ளு கூடுதலாக விற்கும். அதனால் தோட்டத்திலிருந்து முதல் நாளே கூடுதல் பீப்பாய் கேட்டுச் சொல்லி அனுப்புவார்கள். அவர் பீப்பாய்களைக் கழுவி, வாயைக் கீழே சாய்த்து வெயிலில் காயப்போடுவார். எந்தத் தோட்டத்துப் பீப்பாய் என்று மேலே வெள்ளைச் சாயத்தில் எழுத்து இருக்கும். எந்த எழுத்து வழக்கத்தைவிட அதிகமாகக் காய்கிறதோ, அந்தத் தோட்டத்தில் மறுநாள் சம்பளம். அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பார்த்ததும் என் வீட்டுக்காரர் நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

தப்பாததுதான் வினையாகிப் போனது. ஒரு நாள் இப்படித்தான் ஆற்றோரமாக உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்துக்குப் போனார். நோட்டீஸில் நாளை இரவு இன்ன படம் என்று எழுதி ஒட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. மனுஷன் பழக்க தோஷத்தில் மேலே பெரிய சிவப்பு எழுத்தில், 'நாளை சம்பளப் படம்' என்று எழுதி, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். துரை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த நாள். வேலை முடிந்து வந்ததும் தோட்டமே அதைப் படித்துக்கொண்டிருந்தது. வேலை வாங்கும் மண்டோர் அதைக் கிழித்துக்கொண்டு துரையிடம் ஓடினாராம். மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்று, அவரை ஏற்றிக்கொண்டு போனது.

சம்பள நாள் உனக்கு எப்படித் தெரிந்தது, யார் சொன்னார்கள், வேறு யாருக்குச் சொன்னாய்? கேள்வி இவ்வளவுதான். பதில் சரியாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பது அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். விசாரணை இல்லாமல் உள்ளே வைப்பார்கள், பிறகு கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். நான் இங்கே பிறந்தவள், கையில் இரண்டு பிள்ளைகள். அவரை அனுப்பிவிட்டால் நான் யாரைப் பிடித்து, எந்தக் கடலைத் தாண்டி அவர் முகத்தைப் பார்ப்பது? இதில் சந்தைக்குப் போனால் அந்தத் தோட்டத்துப் பெண்கள் வேறு, உன் புருஷன் நோட்டீஸால் எங்கள் சம்பளம் தள்ளிப்போச்சு என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவரைப் பார்க்க விடவில்லை. விசாரிக்கிற வெள்ளைக்கார அதிகாரிக்குத் தமிழ் மொழிபெயர்க்கும் ஆள் ஒருவர் வெளியே வந்து, சோற்றை வாங்கிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"ஒம் புருஷன் வாயவே தொறக்க மாட்டேங்கிறாரும்மா. யாரு மூலமா தெரிஞ்சதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். இல்லாட்டி நாளைக்கு கோலாலம்பூருக்கு ஏத்திருவாங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பீப்பாயைப் பார்த்தேன் என்று சொல்ல இந்த மனுஷனுக்கு என்ன கேடு? வீடு திரும்பும் வழியில்தான் புரிந்தது. கள்ளு லோரி என்று சொன்னால் அடுத்த ஜீப் பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த லோரிக்காரரும் ஊரிலிருந்து வந்தவர்தான், அவருக்கும் கப்பல்தான். அதற்காகத்தான் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

நான் சொல்லிவிடலாமா? சொன்னால் என் புருஷன் வருவார், இன்னொருத்தி புருஷன் போவார். சொல்லாவிட்டால் என் பிள்ளைகள் கதி? வீட்டு வாசலுக்கு வந்தும் உள்ளே போக மனம் வரவில்லை. லோரிக்காரர் முற்றத்தில் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார். அத்தனை காலம் அவரைத் திட்டிய அதே வேலிக்கருகில் நின்று, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் சொல்கிறேன் என்றேன்.

அவர் கழுவிக்கொண்டிருந்த பீப்பாயைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"பீப்பா கேட்டது தொரைதானே தங்கச்சி? அதச் சொல்றதுக்கு நமக்கென்னலா பயம்? ஏறு லோரில."

பயமில்லை என்றாரே தவிர, எதிரே ஒரு ஜீப் வந்தாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அந்தப் புளிச்ச வாடை அடிக்கிற லோரியில், அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து போனேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அதிகாரியின் அறையில் நான்தான் முதலில் பேசினேன். கூட்டத்தைக் கள்ளு இழுத்துக்கொண்டு போகிறதே என்ற வயிற்றெரிச்சலில் பீப்பாயைப் பார்க்க ஆரம்பித்த கதையைச் சொன்னேன். மொழிபெயர்ப்பவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். லோரிக்காரரை எழுந்து நிற்கச் சொல்லி, சம்பள நாளை உனக்குச் சொன்னது யார் என்று கேட்டார்கள். சம்பளத்தைப் பற்றி யாரும் தனக்குச் சொன்னதில்லை, கள்ளுக்கடைக்கு நாளைக்குக் கூடுதலாக வேண்டும் என்று மட்டும்தான் தோட்டத்து ஆபிசிலிருந்து ஆள் வருவான் என்றார். கூடுதலாக அனுப்பச் சொல்வது யார்? துரை. கள்ளுக்கடையே தோட்டத்துக் கடை, துரை உத்தரவில்லாமல் ஒரு மரத்துக் கள்ளுகூட உள்ளே போகாது.

அதிகாரி போனை எடுத்தார். துரையிடம் பேசினார் என்று அவர் முகத்திலிருந்தே தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து முதலில் சத்தமாகக் குரல் கேட்டது, பிறகு குறைந்தது, பிறகு கேட்கவே இல்லை. போனை வைத்துவிட்டு அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இனிமேல் சம்பளம் கொடுத்து முடித்த பிறகுதான் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்றார். துரைக்கு என்ன உத்தரவு போட்டார் என்று நான் கேட்கவில்லை. லோரிக்காரர் போகலாம், என் புருஷனும் போகலாம் என்று மொழிபெயர்ப்பவர் சொன்னபோது, எனக்கு மடியிலிருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அவர் வந்தார். தாடி முளைத்து, சட்டை கசங்கி, ஆனால் கைகால் நன்றாக இருந்தது. நோட்டீஸில் எழுதுவதற்கு உங்களுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோரிக்காரரைப் பார்த்ததும் முகம் செத்துப்போய் அப்படியே நின்றுவிட்டார். இவரையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"அண்ணே, சத்தியமா நா ஒங்க பேரச் சொல்லலண்ணே."

"தெரியும்லா," என்றார் லோரிக்காரர். "அதான் நானே வந்தேன்."