திங்கட்கிழமையே ஊற்றிய துளிகள்

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.”

“நான் இன்னும் டாக்டர் ஆகலண்ணா. என்ன விஷயம்?”

“இதக் கேட்டா ஆகாமலே போனாலும் போயிடுவீங்க.”

செல் வளர்க்கும் அறையின் வாசலில், கழற்றிய கையுறையைக் கசக்கியபடி நின்றார் ஆய்வுக்கூட உதவியாளர் முப்பத்தேழு. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள்.

“செவ்வாய்க்கிழமை காலையில ஊத்தச் சொன்னீங்களே, அந்தப் புரதம்...”

“ஊத்தினீங்கல்ல?”

“ஊத்தினேன். திங்கக்கிழமை சாயங்காலமே ஊத்திட்டேன்.”

“ஏன்? நான் மருந்து ஊத்த வர்றதுக்கு முன்னாடியே ஊத்திட்டுக் கிளம்பிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!”

“செவ்வாய்க்கிழமை மச்சானோட ரெண்டாவது ரொட்டிக் கடை திறப்பு. போகலேன்னா வீட்ல எனக்குச் சோறு கிடையாது. போயிட்டு இந்த அறைக்குள்ள வரவும் கூடாது. ஒரு நாள் முன்னாடி ஊத்தினா என்ன குடி முழுகிடப் போகுதுன்னு நினைச்சுட்டேன்.”

“தட்டோட குறிப்பு அட்டையில என்ன எழுதினீங்க?”

“செவ்வாய்னே எழுதிட்டேன்.”

அன்று வியாழன். மறுநாள் பேராசிரியை முன்னால் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

முப்பத்தேழு என்பது ஆய்வுக்கூடம் அவருக்கு வைத்த பெயர். செல்கள் வளரும் பெட்டி எப்போதும் முப்பத்தேழு டிகிரியில் இருக்க வேண்டும். காலையில் யார் எதிரே வந்தாலும், வணக்கத்துக்குப் பதில் “முப்பத்தேழு” என்றுதான் சொல்வார். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தவர். கடைக்காரர் மகளையே கட்டிக்கொண்டவர். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட், செல் தட்டுக்குள் ஒரு துகள் விழுந்தாலும் போதும். இரண்டு நாளில் தட்டு முழுதும் கலங்கிவிடும். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, சனி ஞாயிறு தவிர, அவர் மாமனார் கடை வாசலை மிதித்ததில்லை. எதிர்ச் சாரியில் நின்று மச்சானிடம் கத்திப் பேசிவிட்டுப் போவார். தெருவில் எல்லோரும் அதை மாப்பிள்ளை முறுக்கு என்று நினைத்தார்கள். அவர் எவ்வளவோ காரணம் சொல்லியும் மச்சானும் அப்படித்தான் நினைத்தான்.

அவள் செய்துகொண்டிருந்த சோதனை இதுதான். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஒன்று சிறுநீரகச் செல்களையும் சேர்த்துக் கொல்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் புரதம் ஒன்றை அந்த மருந்தோடு சேர்த்து ஊற்றினால், அழற்சி அதிகமாகி இன்னும் நிறைய செல்கள் சாகும் என்று எதிர்பார்த்தாள். செத்த செல் நீலச் சாயத்தைக் குடித்துக்கொள்ளும், உயிருள்ளது குடிக்காது. புரதம் இல்லாத தட்டில் நூற்றுக்கு எழுபது நீலம். புரதம் ஊற்றிய தட்டில் இருபத்திரண்டு! புதன்கிழமை அதைப் பார்த்ததும், மாடிப்படியில் கூட ஓசையில்லாமல் ஏறுகிறவள், பேராசிரியை அறைக்கு ஓடினாள்.

இப்போது அந்த ஓட்டமெல்லாம் வீண் என்று தோன்றியது.

“அட்டையில செவ்வாய்னுதானே இருக்கு. நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்குமே தெரியாதே?” என்றாள்.

“தெரியாதுதான். பின்னாடி வேற யாராவது உங்க கட்டுரையப் பார்த்து செஞ்சு, வரலேன்னா? பொய்க்காரின்னு உங்களத்தானே சொல்லுவாங்க. என்னையா சொல்லுவாங்க?”

அவருடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் பேராசிரியை. அது இருவருக்கும் தெரியும். அவள் அட்டையில் செவ்வாயை அடித்துத் திங்கள் என்று எழுதினாள். அவர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை பேராசிரியை போட்ட சத்தம் நடைபாதைக் கடைசி வரை கேட்டது.

“அட்டையில பொய் எழுதுற கை என் செல்லுங்களத் தொடக் கூடாது!” என்றவர், சட்டென்று நிறுத்தினார். “திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?”

“அஞ்சே காலுக்கு மேடம்.”

“மருந்து ஊத்தினது மறுநாள் ஒன்பதே கால்... பதினாறு மணி நேரம்.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மூணு தடவை செய்யுங்க. ஒவ்வொரு தடவையும் புரதமே இல்லாம ஒரு தட்டு, மருந்தோட சேர்த்து ஒண்ணு, முதல் நாளே ஊத்தி ஒண்ணு. மூணு தடவையும் இதே முடிவு வந்தா இருங்க. வரலேன்னா மச்சான் கடைக்கே போயிடுங்க.”

“அங்கயும் சேர்க்க மாட்டாங்க மேடம்” என்றார் முப்பத்தேழு. பேராசிரியை சிரிக்காமலிருக்க ரொம்பவே பாடுபட்டார்.

மூன்று வாரம். முதல் இரண்டு தடவையும் வந்துவிட்டது. மூன்றாவது தடவை அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவள் ஒவ்வொரு நீலச் செல்லுக்கும் எண்ணும் கருவியை ஒரு முறை அழுத்தினாள். மருந்தும் புரதமும் ஒன்றாக ஊற்றிய தட்டுக்கு டிக் டிக் டிக் என்று நிற்காமல் கேட்டது. நூற்றுக்கு எழுபத்து மூன்று. அடுத்தது, முதல் நாளே புரதம் ஊற்றிய தட்டு. டிக். நீண்ட இடைவெளி. டிக்.

“கருவி கெட்டுப்போச்சா?” என்றார் சுவரிடம்.

“இல்லண்ணா. செல்லெல்லாம் உயிரோட இருக்கு. நூத்துக்கு பத்தொன்பதுதான் நீலம்.”

பிறகு அவருக்கு விளக்கினாள். அந்தப் புரதம் ஆபத்து வருகிறது என்ற சேதி. முதல் நாளே சேதி கிடைத்தால் செல் உள்ளுக்குள் தயாராகிறது. அழற்சியை அடக்கவும், தன்னைத் தானே சாகடித்துக்கொள்ளும் வேலையை நிறுத்தவும் வேண்டிய புரதங்களைச் செய்து வைத்துக்கொள்கிறது. மருந்தும் சேதியும் ஒன்றாக வந்தால் அதற்கு நேரமில்லை.

“விருந்தாளி வாசல்ல வந்து நின்ன பிறகு சொன்னா வீட்டுக்காரி என்ன பண்ணுவா பாவம்” என்றார் அவர்.

அவருடைய ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. கட்டுரை அவருக்குத் தெரியாத மொழியில் தயாரானது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவளிடம் அதுவரை தனக்கென்று எதுவும் கேட்டிராதவர் கேட்டார்:

“டாக்டரம்மா, நம்ம மொழியில ஒரே ஒரு பக்கம் எழுதித் தாங்க. மச்சான் கடைச் சுவத்துல ஒட்டணும். நான் ஏன் எதிர்ப்பக்கமே நிக்கிறேன்னு அவனுக்குத் தெரியட்டும். அட்டையில பொய் எழுதினதையும் விடாம எழுதுங்க. இல்லேன்னா என் மச்சான் ஒரு வரியக்கூட நம்ப மாட்டான். ஆனா சனிக்கிழமைக்குள்ள தந்துடுங்க. மத்த நாள்ல என்னால உள்ள போய் ஒட்ட முடியாது.”