முதற்பெயர் அப்பா, கடைசிப்பெயர் நான்

தொண்ணூறுகளின் நடுவில் ஐந்து வருடம் என் அப்பா ரொறன்ரோவில் வேலை செய்தார். ஸ்காபரோவில், தயிர் டப்பாக்களுக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்கிற ஒரு தொழிற்சாலை. ஒருநாளும் பிந்திப் போனதில்லை. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முடிவதற்குள் வருமான வரிப் படிவம் ஒழுங்காக அவர் பெயரில் போனது. ஆள் மட்டும் இலங்கையில் இருந்தார். கனடாவை நாங்கள் அனுப்பிய படங்களில்தான் பார்த்திருந்தார். அதிலும் பனியைத்தான் பார்த்திருந்தார்.

இதற்குக் காரணம் நான்தான்.

வந்த புதிதில் சின் காட் என்கிற அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனேன். அந்த ஒன்பது இலக்க நம்பர் இல்லாமல் இங்கே வேலையும் இல்லை, வரியும் இல்லை. படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று ஃபெர்ஸ்ட் நேம், மற்றது லாஸ்ட் நேம். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஃபெர்ஸ்ட் என்றால் முதல், லாஸ்ட் என்றால் கடைசி. பள்ளிக்கூட இடாப்பிலிருந்து கலியாணக் கடதாசி வரை என் பெயர் ஒரே மாதிரித்தான் இருந்தது: முன்னால் அப்பாவின் பெயர், பின்னால் என்னுடையது. ஆகவே முதலில் வருகிறதை முதற் பெட்டியிலும் கடைசியில் வருகிறதைக் கடைசிப் பெட்டியிலும் போட்டேன். ஒருவரையும் கேட்காமல் நிரப்பிவிட்டேன் என்ற பெருமையோடு பஸ் ஏறினேன்.

இங்கே முதற்பெயர் என்றால் ஆளைக் கூப்பிடுகிற பெயர் என்பது வேலைக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது. சின் காட்டைப் பார்த்துத்தான் தொழிற்சாலையில் என்னைப் பதிந்திருந்தார்கள். சுப்பர்வைசர் பெரிய மீசைக்காரர். மெஷின் சத்தத்துக்கு மேலால் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் திடுக்கிட்டுத் திரும்பி, அப்பா எங்கே என்று பார்த்தேன்.

அம்மா நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத பெயர் அது. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட ஐயரிடம் என்னைத்தான் சொல்லச் சொல்லுவா. அதைச் சுப்பர்வைசர் பாதியாக வெட்டி, ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிட்டார். திருத்தியிருக்கலாம். முதல் நாள் வெட்கமாக இருந்தது. இரண்டாவது கிழமை பழகிவிட்டது. மூன்றாவது கிழமை ஒரு பெட்டி மூடியை நிலத்தில் கொட்டி ஏச்சு வாங்கியபோது, ஏச்சு விழுவது அப்பாவுக்குத்தானே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அதன் பிறகு திருத்துகிற எண்ணம் வரவில்லை.

வருடம் முடிய வேலையிடத்தில் சம்பள விபரம் எழுதிய ஒரு துண்டு தருவார்கள். அதற்கு ரீ-ஃபோர் என்று பெயர். அதைக் கொண்டுபோய் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் வரிப் படிவம் நிரப்பும் ஒரு அண்ணையிடம் கொடுப்பேன். அவர் ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர். இங்கே தன் வீட்டு பேஸ்மென்ரில், சலவை மெஷினுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார். துண்டில் இருப்பதை அப்படியே படிவத்தில் எழுதுவார். அப்படியே எழுதுவதுதான் அவருடைய பெயரும் புகழும்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆங்கிலம் தெரிந்தவன் என்று என் பெயர் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் பரவிவிட்டது. புதிதாக வந்தவர்கள் சின் காட் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினார்கள். தேத்தண்ணி கொடுத்து, சந்தோசமாக நிரப்பிக் கொடுத்தேன்.

பிறகு எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அந்தக் கடதாசியை எழுதிய அதிகாரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, என் பெயரை முதலிலும் அப்பாவின் பெயரைக் கடைசியிலும் சரியாக எழுதிவிட்டார். என்னைக் கேட்காத ஒரே இடத்தில் என் பெயர் சரியாக இருந்தது.

உடனே அப்பாவையும் அம்மாவையும் ஸ்பொன்சர் செய்தேன். அவர்கள் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தமிழர் அங்கே தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும்; அது முடிய முடியப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அப்பாவுக்கு எழுபத்தொன்று. ஒவ்வொரு ரெலிபோனிலும் கடைசியாக, "அலுவல் எந்த மட்டிலை?" என்று மட்டும் கேட்பார். வேறொன்றும் கேட்க மாட்டார். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பதுதான் எனக்கு அந்த வருடம் முழுவதும் வேலை.

பெற்றோரைக் கூப்பிடுகிறவன் உழைக்கிறவன் என்று காட்டவேண்டும். வரித் திணைக்களம் அனுப்பிய கடதாசிகளைச் சேர்த்து அனுப்பினேன். நாலு மாதத்தில் இமிகிரேசனிலிருந்து கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். நீங்கள் இணைத்திருக்கும் வரிக் கடதாசிகள் உங்களுடையவை அல்ல, நீங்கள் அழைக்க விரும்பும் உங்கள் தகப்பனாருடையவை போலத் தெரிகிறது. அவர் ஏற்கனவே கனடாவில் வேலை செய்பவராக இருந்தால், அவரை எதற்காக அழைக்கிறீர்கள் என்று விளக்கவும். அறுபது நாளுக்குள் பதில் இல்லையென்றால் உங்கள் விண்ணப்பக் கோவை மூடப்படும்.

அப்பாவின் கடைசிப்பெயராக என் பெயர் எப்படி வரும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. எங்கள் ஆட்களின் கடைசிப்பெயர்களில் அவர்களுக்கு நம்பிக்கை விட்டுப்போய்க் கனகாலம்.

மனைவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தா.

"மாமா பாவம். மூடி அடிச்சுக் களைச்சுப்போனார். இனி ஏன் வரவேணும்?"

"பகிடி விடாதையும். கோவையை மூடப் போறாங்களாம்."

"தன்ரை பேர் எழுதத் தெரியாத ஆள், கட்டடத்திலை எல்லாருக்கும் ஃபோர்ம் நிரப்பினது. உந்த வடிவிலை எத்தினை பேருக்கு எழுதிக் குடுத்தனீங்கள்?"

நினைவில் எண்ணிப் பார்த்தேன். எங்கள் கட்டடத்தில் மட்டும் ஏழு தகப்பன்மார் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு பேஸ்மென்ர் அண்ணையிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"இதிலை என்ன பிழை? ரீ-ஃபோரிலை கிடந்த பேரைத்தானே போட்டனான்."

"அது அப்பான்ரை பேர் அண்ணை."

"அப்ப அஞ்சு வருசமா நான் கொப்பருக்கோ டக்ஸ் செய்தனான்?"

"ஓம் போலை கிடக்கு."

"ரிஃபண்ட் காசு ஆர் எடுத்தது?"

"நான்தான்."

"அப்ப நீர் கொப்பரின்ரை காசைக் களவெடுத்திருக்கிறீர்" என்று சொல்லி, சலவை மெஷின் நிற்கும்வரை சிரித்தார். பிறகு கச்சேரிக்காரராக மாறினார். "பயப்பிடாதையும். ஒரு சத்தியக் கடதாசி காணும். ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு சொல்லிச் சத்தியம் பண்ணும்."

"ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டால் அப்பாவை என்னெண்டு கூப்பிடுறது?"

அண்ணை கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு பேரும் ஒரே ஆள். அந்த ஆள் கொப்பர் இல்லை. உதையும் சேர்த்து எழுதுவியும்."

அன்று பின்னேரம் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்தமுறை நான் உண்மையைச் சொன்னேன்.

"நான் அங்கை என்ன வேலை செய்யிறன்?"

"மூடி செய்யிற ஃபக்ரறியிலை அப்பா."

"பெர்மனன்ரோ?"

"ஓம்."

"பென்சன் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஏன் அஞ்சு வருசம் நிண்டனான்?" என்றார். அதன் பிறகுதான் குரலைத் தாழ்த்தி, "அறுபது நாள் காணுமோ தம்பி? கொம்மா பெட்டி அடுக்கி வைச்சிருக்கிறா" என்றார்.

காணும், அவ்வளவு நாள் போதும் என்று சொன்னேன். எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை பிளாசாவில் மேல்மாடியில் இருந்த ஒரு வக்கீலிடம் போனேன். அங்கே நின்று, வலது கையைத் தூக்கி, நான் என் அப்பா இல்லை என்று சத்தியம் செய்தேன். வக்கீல் அம்மா சிரிக்காமல் முத்திரை குத்தினா. "இந்த மாதம் நீங்கள் நாலாவது ஆள்" என்றா. மற்ற மூன்று பேரும் எங்கள் கட்டடமோ என்று நான் கேட்கவில்லை.

சத்தியக் கடதாசியில் ஒரு பிரதி இமிகிரேசனுக்கு, ஒன்று சின் காட்காரருக்கு, ஒன்று வரித் திணைக்களத்துக்கு, ஒன்று தொழிற்சாலைக்கு. தொழிற்சாலைக் கொம்பியூட்டரில் பெயரை மாற்றினார்கள். சுப்பர்வைசரிடம் போய், இனி என்னுடைய பெயர் இது என்று சொன்னேன். அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். என் பெயர் அப்பாவுடையதைவிட நீளம். "வேண்டாம், பழையதே நல்லது" என்று போய்விட்டார்.

ஐம்பத்தாறாவது நாள் கடிதம் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வரி. வேறு ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியை மனைவி கடிதத்தைப் பறிக்கும்வரை வாசித்தேன்.

அடுத்த மார்ச்சில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். பனி அவ்வளவு இல்லையே என்று அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இரண்டு கிழமை வீட்டுக்குள் சும்மா இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலையால் வர, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஒரு வெள்ளைக்காரன் ரெலிபோன் எடுத்தவன். என்ரை பேரைச் சொல்லிக் கேட்டான்."

"ஆர் அப்பா?"

"ஆரெண்டு தெரியாது. நான்தான் பேசுறன் எண்டன். நாளைக்கு ஓவர்ரைம் இருக்காம், காலமை ஏழு மணிக்கு வரேலுமோ எண்டான். யெஸ் யெஸ் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஐயோ, ஏனப்பா?"

"வந்து ரெண்டு கிழமைதான். அதுக்குள்ளை ஆள் பேர் தெரிஞ்சு கூப்பிடுறான். மாட்டன் எண்டு சொன்னால் மரியாதையோ?"

குசினிக்குள் மனைவி பாத்திரத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தது கேட்டது. அம்மாவுக்கு என்ன விசயம் என்று விளங்கவில்லை. அந்நிய ஆம்பிளை ஒருவன் தன் புருசனைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறான் என்பதுதான் அவவுக்குப் பிரச்சினை.

சனிக்கிழமை காலை நான் சப்பாத்து மாட்டும்போது, அப்பா எனக்கு முதலே எழும்பிக் கதவடியில் நின்றார். சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் தந்தார்.

"பிந்தாமல் போ தம்பி. என்ரை பேரைக் கெடுத்துப்போடாதை."