உளுந்து விலை ஏறிய மார்கழி

அம்மா போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவர் அரைத்த மாவைச் சாப்பிட்டவர்கள். ஆகவே சம்பிரதாய வார்த்தைகள் இல்லாமலே தொடங்குகிறேன்.

அம்மா பிறந்தது கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில். மத்திய அரசில் எழுத்தராக இருந்த அப்பாவை மணந்து டெல்லிக்கு வந்தார். அப்பா திடீரென்று காலமானதும் சரோஜினி நகர்ப் பக்கம் ஒற்றை அறை எடுத்து, இட்லி மாவு விற்கத் தொடங்கினார். டெல்லிக் குளிரில் மாவு லேசில் பொங்காது. பாத்திரத்தை ரஜாயில், அதாவது பஞ்சு அடைத்த கனத்த போர்வையில், சுற்றி எனக்கும் தம்பிக்கும் நடுவில் படுக்க வைப்பார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே மெல்லப் புளிக்கும் மாவின் வாசனை. அதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று இப்போதும் சந்தேகம் வருகிறது. கனவில் வரும்போதும் அம்மா முதலில் மாவுக்குத்தான் போர்த்திவிடுகிறார். எங்களுக்கு அப்புறம்தான்.

ஒரு மார்கழியில் உளுந்து விலை தாறுமாறாக ஏறியது. அம்மா மனசில்லாமல் மாவு விலையை ஏற்றினார். வியாபாரம் படுத்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் தம்பியின் படிப்பும் அதோடு சரி. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்று நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்படியேதான் நடந்தது. பஞ்சாபி வீடுகள் "இத்னா மெஹங்கா, ஆன்ட்டி?" என்று விலையைக் கேட்டு மலைத்துச் சிரித்துவிட்டுப் பராத்தாவுக்குத் திரும்பின. தமிழ் வீடுகள் முணுமுணுத்தபடி வாங்கின. எவ்வளவு குறைந்தது என்று நான் பார்த்தேன். யார் வரவில்லை என்று அம்மா பார்த்தார்.

வராதவர் எதிர்வீட்டு மாமா. தனியாள், சின்ன பென்ஷன். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார். அம்மா புது மாவை எடுத்துப் போய், "அண்ணா, நேத்து மாவு மிஞ்சிடுச்சு. பாதி விலைக்கு எடுத்துக்குங்களேன்" என்றார். மாமா எடுத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? "அந்தம்மாகிட்ட பழைய மாவும் இருக்கு, பார்த்து வாங்குங்க" என்று நல்லெண்ணத்தில் காலனி முழுக்கச் சொல்லிவைத்தார். முணுமுணுத்தபடி வாங்கியவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உண்மையைச் சொல்லிடும்மா!"

"சொன்னா அவர் எப்படி வெளியில தலைகாட்டுவார்? பேசாம இரு." அத்துடன் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஒரு காலை மாமா நேத்து மாவு கேட்டு வந்தார். கதவு திறந்திருந்தது. அப்போதுதான் பொங்கிய மாவை ரஜாயிலிருந்து எடுத்து அம்மா அவருக்காக மொண்டுகொண்டிருந்தார். மாமா அதைப் பார்த்தார், கட்டிய மூட்டைகளைப் பார்த்தார். வாங்காமலே திரும்பிப் போனார்.

அந்த ஞாயிறு, கோயில் வாசலில் எல்லாரும் கூடியிருந்தபோது உரக்கச் சொன்னார்: "அது பழைய மாவு இல்ல. எனக்கு அந்த விலை கட்டுப்படியாகல. அதுக்காக அவங்க சொன்ன பொய்." அப்பா போனபோதுகூட எங்கள் முன் அழாத அம்மா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூட்டைகளை அன்றே பிரித்தோம். தம்பி அந்தப் பள்ளியிலேயே படித்து முடித்தான்.

அம்மா படுக்கையில் இருந்த மாதங்களில் கஞ்சி கொண்டுவந்தவர்கள், மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்தவர்கள் அனைவரையும் கும்பிடுகிறோம். மாமாவையும்தான். இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எழுதும்மா" என்றார். "எனக்கு வாங்க முடியலைன்னே எழுது. அதை உங்கம்மா ஒருத்தர்கிட்டயும் சொல்லலைன்னும் எழுது."