பெரியம்மா எழுந்து நின்ற ஞாயிறு

அடையாற்றில் விலைக்குப் பார்க்கப் போன ஒரு புது ஃபிளாட்டின் பால்கனியில் பெரியம்மா கண்களை மூடிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடல் அங்கிருந்து தெரியாது. ஆனால் சாயங்காலமானால் காற்று வரும். பறக்கும் சேலைத் தலைப்பைப் பிடிக்காமல் முகத்தைச் சற்றுத் தூக்கி, ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாழ்ந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய தெருவில். கோடையில் ஆற்று நாற்றத்தால் ஜன்னலைத் திறக்க முடியாது. “பரலோகத்துல ஒரு நதி ஓடுதாமே, அதுலயாவது வாடை அடிக்காதுன்னு நம்பிக்கினு கீறேன்” என்று சிரிப்பார்.

என் அம்மாவின் அக்கா அவர். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா இறந்தபின் வீடு அவருக்கு வந்தது. மாடியில் அவர், கீழே பெரியப்பாவின் தம்பி, சித்தப்பா. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தெருவைப் பார்த்த முன்னறையில் சாவி போடும் கடை வைத்திருந்தார். இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. காரணம், பெரியப்பாவின் உடல் நடுவீட்டில் கிடந்தபோது சித்தப்பா எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை: “என் அண்ணன பட்டினி போட்டே கொன்னுட்டாங்க.” பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய் முற்றி, வீட்டில் பத்தியச் சாப்பாடுதான். அவருக்காகப் பெரியம்மா தன் காப்பிக்கும் சர்க்கரை போடுவதை விட்டவர். அன்று அந்த வார்த்தையைக் கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பிறகுதான் ஒரு பில்டர் வீட்டைக் கேட்டு வந்தார். விற்றால் அடையாற்று ஃபிளாட் கைக்கு எட்டும். சித்தப்பா காலி செய்ய வேண்டியிருக்கும், அது மட்டும்தான். எனக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. முட்டிவலிக்கு லிஃப்ட், மூச்சுக்குக் காற்று. இத்தனை வருடம் பட்டவருக்கு அதுகூடக் கிடைக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதம், அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறன்று அவருடன் எங்கள் வேதக்கோயிலுக்குப் போயிருந்தேன். எங்கள் வரிசை எழுந்து பீடத்தை நோக்கி நடந்தபோது பெரியம்மா எழவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். போ என்று கண்ணால் சொன்னார். அடுத்த மாதமும் அப்படியே. கால்வலி என்று எல்லோரும் நினைத்தார்கள். வெளியே வந்ததும் நானும் அதைத்தான் கேட்டேன்.

“கால் இன்னா பண்ணுது? நல்லாத்தான் கீது” என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின் மெதுவாகச் சொன்னார்: “ஃபிளாட்டு மட்டும் எனக்கு ஆசையில்ல கண்ணு. அந்த மனுஷன் சாமான தூக்கிக்கினு தெருவுல நிக்கணும், அத நான் மாடிலேர்ந்து பாக்கணும். அதுவும் ஆசை. அத உள்ள வெச்சிக்கினு ஆண்டவர் முன்னாடி எப்படி முழங்கால் போடுறது? அந்தக் காத்து நான் உசுரோட இருக்கிற வரைக்கும்தான். அதுக்கப்புறமும் வேணும்ல எனக்கு ஒண்ணு?”

மறுவாரம் பெரியம்மா படியிறங்கிச் சித்தப்பாவின் கடை வாசலில் போய் நின்றார். நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். சித்தப்பா தலை நிமிராமல், வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல, “இன்னா வேணும்?” என்றாராம்.

“வீட்ட விக்கல.”

“எனக்கு ஒண்ணும் பாவம் பாக்க வேணாம்.”

“உனக்காக இல்ல. எனக்காகத்தான். இன்னொண்ணு, உங்க அண்ணன நான் பட்டினி போடல தம்பி.”

சித்தப்பா சாவி வெட்டும் மிஷினை நிறுத்தினார். கையிலிருந்த சாவியின் பிசிறைத் தேய்த்தாராம். “தெரியும் அண்ணி. நீ கோயிலுக்குப் போனப்பலாம் ஜாங்கிரி வாங்கிக் குடுத்தது நான்தான். கொழந்த மாதிரி கேப்பாரு, மனசு கேக்காது. அவரு போனப்புறம் யார் மேலயாவது பழிய போட்டாத்தான் என்னால நிக்க முடிஞ்சுது.”

பெரியம்மா அப்படியே திரும்பி மாடி ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. “அந்த பில்டர் நம்பர் உங்கிட்ட இருக்குதா?” அனுப்பவா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. “வேணாம். நாளைக்கு நானே கேட்டாலும் குடுத்துடாத” என்று சொல்லி வைத்துவிட்டார்.

விசுவாசம் என்றால் ஆசை அற்றுப்போவது என்று அதுவரை நினைத்திருந்தேன். பெரியம்மாவின் ஆசை அற்றுப்போகவில்லை. கடைசிக் காலம்வரை சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்தும்போதெல்லாம், “அந்தக் காத்து ஞாபகம் வருது” என்பார். விட்டுக்கொடுத்ததற்குக் கைமாறாக வேறு வீடோ சுகமோ அவருக்கு வரவில்லை. மன்னிப்பும் ஒரே நாளில் வரவில்லை. சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்ப் கடைப் பலகை மேல் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பிய நாட்கள் பல. “வாய் மன்னிச்சிடுச்சு, வயிறு இன்னும் எரியுது” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்படியும் மறுநாள் தட்டோடு இறங்கினார்.

அந்தப் போனுக்கு அடுத்து வந்த திருவிருந்திலும் அவர் எழவில்லை. அதற்கும் அடுத்த மாதம், எங்கள் வரிசையின் முறை வந்தபோது, முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். நான் பின்னால் நடந்தேன். பீடத்தின் முன் அவர் முழங்காலிட்டுக் கைகளை ஏந்தியபோது, இழுத்து இழுத்து நடக்கும் காலடிச் சத்தம் கேட்டது. பெரியப்பாவின் அடக்கத்துக்குப் பின் கோயில் பக்கமே வராத சித்தப்பா, எப்போது வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாரோ தெரியாது. எல்லோரும் முழங்காலிடும் கம்பித் தடுப்பருகே வந்து, எங்கே இடம் என்று தெரியாமல் தயங்கி நின்றார்.

பெரியம்மா தலை நிமிரவில்லை. ஏந்திய கைகளை இறக்கவும் இல்லை. வலிக்கும் முட்டியைத் தரையில் நகர்த்தி, பக்கத்தில் ஓர் ஆள் கொள்ளும் அளவு ஒதுங்கிக்கொண்டார்.